டர்பன் இரசாயன ஆலைகளுக்கு அரசு தரும் கார்பன் குறைப்பு உதவிகள்: எது உண்மையில் பணமாகிறது?

ஜேக்கப்ஸ், மோபெனி, ப்ரோஸ்பெக்டன், உம்போகின்ட்வினி என்று டர்பனின் தெற்கே நீளும் தொழிற்பேட்டைகளில் பிசின் காய்ச்சுகிறார்கள், பெயிண்ட் கலக்கிறார்கள், சோப்பும் பசையும் நீர் சுத்திகரிப்பு இரசாயனங்களும் செய்கிறார்கள். மெரிபேங்க், ஐசிபிங்கோ, சாட்ஸ்வர்த் பக்கமிருந்து இந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் நம்மவர்களில் பாய்லர் ஆபரேட்டர் முதல் நிதி மேலாளர் வரை உண்டு. கார்பன் வரி ஏற ஏற, "கரியுமிழ்வைக் குறைத்தால் அரசு பணம் தருகிறதாமே, அது எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி எல்லா ஆலைகளிலும் எழுகிறது. தென்னாப்பிரிக்காவில் நடுத்தர இரசாயன ஆலை ஒன்று நாடக்கூடிய அரசு உதவிகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தேசிய தூய்மை உற்பத்தி மையம், அதாவது என்சிபிசி, ஆலைக்கு வந்து செய்யும் ஆய்வுதான் இவற்றில் மிகச் சிறந்தது. எரிசக்திச் சேமிப்புக்கான 12எல் என்ற வருமான வரிக்கழிவில் தொகை பெரிது, ஆனால் ஒழுங்கான மீட்டர் இல்லாத ஆலைக்கு அதிலிருந்து ஒரு சென்ட்கூட வராது. தொழில் வளர்ச்சிக் கழகமான ஐடிசியின் கடன் பெரிய வேலைகளுக்கு மட்டும் பொருந்தும். பாய்லர் வாங்க ரொக்க மானியம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆலோசகர் எவராவது வந்தால், எந்தத் திட்டம், எந்தத் துறை, விண்ணப்பம் இப்போது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2012-இல் உற்பத்தித் துறைக்கென்று தொடங்கிய எம்செப் திட்டம் இயந்திரச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தது. ஆனால் ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் புதிய மானிய விண்ணப்பங்கள் நின்றுபோயின. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்த நிலக்கரியை விட்டு மாறுவதற்கான 8.5 பில்லியன் டாலர் திட்டத்தை நம்பியும் பலர் காத்திருந்தார்கள். அந்தப் பணம் மின்சாரம், மின்வாகனம், பசுமை ஹைட்ரஜன் ஆகியவற்றுக்கென்று வகுத்தது. 2025-இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியும்விட்டது. பெயிண்ட் ஆலையின் நீராவிக் குழாய் வரை அது வந்து சேராது.

முதலில் வரியைப் பார்ப்போம். செலவு எவ்வளவு என்று தெரியாமல் உதவியின் மதிப்பு தெரியாது.

கார்பன் வரிச் சட்டம் 2019 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. டன்னுக்கு 120 ரேண்டில் தொடங்கிய வரி 2024-இல் 190, 2025-இல் 236, 2026-இல் 308 ரேண்ட் ஆனது. 2030-க்கு 462 என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எரிபொருள் எரிப்பில் 60 சதவீதம் அடிப்படை விலக்கு, அதன்மேல் வேறு சில விலக்குகளும் உண்டு. எரிப்புக்கு வரி தொடங்கும் வரம்பு, நிறுவியுள்ள வெப்பத்திறன் 10 மெகாவாட். பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இந்த 10 மெகாவாட் ஒரு பாய்லருக்கான கணக்கு அல்ல. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள எல்லா இடங்களையும் கூட்டி வரும் எண்ணிக்கை. மணிக்கு 10 டன் நீராவி தரும் ஒரு நிலக்கரி பாய்லருக்கு எரிபொருள் வழியாக ஏறத்தாழ 8.5 மெகாவாட் உள்ளே போகிறது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய 1,000 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்றுக்கு 2 மெகாவாட்டுக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால் வரம்பைத் தாண்டியாயிற்று. ஜெனரேட்டர் ஆண்டு முழுதும் மூலையில் சும்மா நின்றாலும், நிறுவிய திறனில் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நைட்ரிக் அமிலம், அம்மோனியா, கார்பைடு போன்றவற்றின் செய்முறை உமிழ்வுக்கு வரம்பே கிடையாது. முதல் டன்னிலிருந்தே கணக்கு தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 6,000 டன் நிலக்கரி எரிக்கும் ஆலை. டன்னுக்கு 26 கிகாஜூல் என்றால் மொத்தம் 1,56,000 கிகாஜூல். கிகாஜூலுக்கு 94.6 கிலோ என்ற வீதத்தில் சுமார் 14,758 டன் கரியமில வாயு. 60 சதவீத விலக்குக்குப் பின் வரிக்கு வருவது 5,903 டன். வேறு விலக்கு எதுவும் எடுக்காவிட்டால் 2026-க்கான வரி ஏறத்தாழ 18.2 லட்சம் ரேண்ட். இதே ஆலை எரிபொருளில் 10 சதவீதத்தைக் குறைத்தால் வரியில் மிஞ்சுவது 1.82 லட்சம்.

அதே 10 சதவீதத்துக்கு 12எல் என்ன தருகிறது? 15,600 கிகாஜூல் என்பது 43.3 லட்சம் கிலோவாட் மணிக்குச் சமம். ஒரு கிலோவாட் மணிக்கு 95 சென்ட் வீதம் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அது 41.2 லட்சம் ரேண்ட் கழிவு. நிறுவன வரி 27 சதவீதம் என்பதால் கையில் நிற்பது சுமார் 11.1 லட்சம் ரேண்ட். கார்பன் வரியில் மிஞ்சுவதைப்போல ஆறு மடங்கு. நிலக்கரியில் மிஞ்சும் 600 டன்னின் விலை தனி. இவ்வளவு இருந்தும் பல நிதி மேலாளர்களின் கண் கார்பன் வரிப் படிவத்திலேயே நிற்கிறது. 12எல் தங்களுக்கும் பொருந்தும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இது மின்சாரத்துக்கு மட்டும் என்ற தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய், நீராவி எதில் சேமித்தாலும் கிலோவாட் மணியாக மாற்றிக் கணக்கில் கொண்டுவரலாம்.

இனி ஒவ்வொரு சேவையாக.

என்சிபிசி 2002-இல் தொடங்கியது. வணிகத் தொழில்துறை அமைச்சகத்தின் பணத்தில், சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனத்தின் குடையின்கீழ் இயங்குகிறது. 2010-இலிருந்து ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பான யூனிடோவோடு சேர்ந்து தொழிற்சாலை எரிசக்தித் திறனில் இறங்கியது. டர்பனிலும் அலுவலகம் உண்டு. அவர்களுடைய பொறியாளர்கள் ஆலைக்கு வந்து எரிசக்தி, நீர், மூலப்பொருள் மூன்றிலும் எங்கே வீணாகிறது என்று பார்த்து அறிக்கை தருவார்கள். ஆய்வுக்குக் கட்டணம் இல்லை.

இரசாயன ஆலைக்கு இது ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்றால், இங்கே வீணாவதில் பெரும்பகுதி உலைக்குள்ளே அல்ல, உலைக்கு வெளியே ஓடும் நீராவியிலும் அழுத்தக் காற்றிலும்தான். நீராவிக் குழாயிலிருந்து நீரை மட்டும் வெளியேவிடும் ஸ்டீம் ட்ராப் ஒன்று திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், 3 மில்லிமீட்டர் துளையில், 7 பார் அழுத்தத்தில், மணிக்கு 25 முதல் 30 கிலோ நீராவி போய்க்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் 200 டன்னுக்கு மேல். நிலக்கரியாகக் கணக்கிட்டால் அந்த ஒரு ட்ராப்பில் மட்டும் இருபது டன்னைத் தாண்டும். நூறு ட்ராப் உள்ள ஆலையில் பத்து பழுதானால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பழுதான ட்ராப் கண்ணுக்குத் தெரியாததற்கும் காரணம் உண்டு. நீராவி வெளியே பீறிடாமல், குளிர்ந்து நீரானது திரும்பும் கண்டன்சேட் குழாய்க்குள் போய்விடுகிறது. கண்டன்சேட் தொட்டியின் மூச்சுக்குழாயில் எந்நேரமும் வெள்ளையாகப் புகைந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ட்ராப்களைத்தான்.

பாய்லர் வீட்டிலும் இப்படித்தான். புகைபோக்கி வெப்பம் 20 டிகிரி குறைந்தால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிஞ்சும். ஊட்டு நீர் 6 டிகிரி சூடாக வந்தால் இன்னொரு சதவீதம். நகரும் தட்டில் கரி எரியும் செயின் கிரேட் பாய்லர்களில் புகையில் ஆக்சிஜன் 10 சதவீதத்தைத் தாண்டி ஓடுவது சாதாரணம். 6, 7 சதவீதத்துக்கு இறக்கலாம், ஆனால் அதற்குக் கரித்துண்டின் அளவு சீராக இருக்க வேண்டும். தூள் அதிகமுள்ள கரியை வாங்கிவிட்டுக் காற்றை மட்டும் குறைத்தால் சாம்பலில் கரி எரியாமல் போகும், ஒன்றில் மிச்சம் பிடித்து மற்றொன்றில் இழப்பீர்கள். அழுத்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போகும் ஆலைகள் உண்டு. கம்ப்ரஸர் அழுத்தத்தை 7 பாரிலிருந்து 6-க்கு இறக்கினால் அதன் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் குறையும். வெற்றிடம் உண்டாக்க நீராவியைப் பீச்சும் எஜெக்டரை ஓட்டும் பிசின் ஆலைகள், அதை மின்சாரத்தில் ஓடும் லிக்விட் ரிங் பம்ப்பாக மாற்றும் கணக்கை ஆய்வாளரிடம் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் போடுவார்கள்.

இந்தச் சேவையின் குறையையும் சொல்ல வேண்டும். ஆய்வின் ஆழம் வரும் பொறியாளரைப் பொறுத்தது. பொது உற்பத்தித் துறையில் பழகியவர் வந்தால் விளக்கு, மோட்டார், கசிவு என்பதோடு அறிக்கை முடிந்துவிடும். உலையின் சூடேற்றும் வேகம், தொகுதிக்குத் தொகுதி கழுவும் நேரம், கரைப்பான் மீட்பு, இவற்றைத் தொட மாட்டார். விண்ணப்பிக்கும்போதே எந்த இரசாயனச் செய்முறை என்று எழுதி, நீராவி அமைப்பு நிபுணர் வேண்டும் என்று கேளுங்கள். வருபவரின் கையில் 12 மாத மின்கட்டணம், எரிபொருள் ரசீது, பொருள்வாரியான உற்பத்திக் கணக்கு, ஆலையின் குழாய் வரைபடம் ஆகியவற்றைக் கொடுங்கள். இவை இல்லாமல் தொடங்கினால், வந்த நாட்களெல்லாம் தரவு திரட்டுவதிலேயே போய்விடும். இன்னொன்று, அறிக்கையில் உள்ள சேமிப்பு எண்ணிக்கை ஒரு மதிப்பீடு. அதைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தால் போதாது, கடனுக்கு விரிவான பொறியியல் அறிக்கை தனியாக வேண்டும். நிறைவேற்றும் பணமும் அவர்களிடம் இல்லை.

நீராவி, பம்ப், அழுத்தக் காற்று, எரிசக்தி மேலாண்மை பற்றி அவர்கள் நடத்தும் பயிற்சிகள் ஆய்வைவிடவும் நீண்டகாலப் பலன் தருபவை. மேலாளரை அனுப்பாதீர்கள், இரவு ஷிப்ட் பாய்லர் ஆபரேட்டரை அனுப்புங்கள். வால்வு அவர் கையில்தான் இருக்கிறது.

அடுத்து 12எல். வருமான வரிச் சட்டத்தின் இந்தப் பிரிவு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அப்போது கிலோவாட் மணிக்கு 45 சென்ட். 2015 மார்ச் முதல் 95 சென்ட். அதன்பின் அந்த எண் நகரவே இல்லை. மின்கட்டணம் ஏறிய வேகத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சலுகையின் எடை ஆண்டுக்கு ஆண்டு குறைந்திருக்கிறது, இது அரசின் மேல் வைக்கத்தக்க நியாயமான குற்றச்சாட்டு. முடிவுத் தேதியும் ஒவ்வொரு முறை நெருங்கியபின்தான் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 2022 இறுதி என்றிருந்தது 2025 இறுதியானது. அது மேலும் நீண்டிருக்கிறதா என்று பார்த்து, வேலை தொடங்கும் முன் அன்றைய சட்டத்தில் உள்ள தேதியை வரி ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாண்டில் பணம் திரும்பும் வேலைக்கு முதலீடு செய்பவரைக் கடைசி ஆண்டுவரை காத்திருக்க வைப்பது நல்ல கொள்கை அல்ல.

நடைமுறை இது. திட்டத்தைத் தேசிய எரிசக்தி வளர்ச்சி நிறுவனமான சானெடியிடம் பதிவு செய்ய வேண்டும். தேசிய அங்கீகார அமைப்பான சானாஸின் அங்கீகாரம் பெற்ற அளவீட்டுச் சரிபார்ப்பு அமைப்பு ஒன்றை நீங்கள் உங்கள் செலவில் அமர்த்த வேண்டும். அவர்கள் தென்னாப்பிரிக்காவின் எஸ்ஏஎன்எஸ் 50010 தரத்தின்படி, வேலைக்கு முந்தைய 12 மாதத்தை அடிக்கணக்காகவும், பிந்தைய 12 மாதத்தைச் செயல் கணக்காகவும் வைத்து அறிக்கை எழுதுவார்கள். சானெடியின் குழு அதை ஆராய்ந்து சான்றிதழ் தரும். அந்தச் சான்றிதழோடு வருமான வரிப் படிவத்தில் கோர வேண்டும். அடுத்த ஆண்டுக்கு அடிக்கணக்கே புதிதாகிவிடும், ஆகவே ஒரு சேமிப்பால் கிடைக்கும் பலன் ஒரே முறைதான். மூன்று வேலைகளை மூன்று ஆண்டுகளில் சிதறவிட்டு, மூன்று முறை சரிபார்ப்புக் கட்டணம் கட்டுவதைவிட, ஒரே ஆண்டில் சேர்த்துச் செய்வது லாபம்.

கோரிக்கைகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் அடிக்கணக்கில்தான். இரசாயன ஆலை ஒரே பொருளைச் செய்வதில்லை. ஆல்கைட் பிசினை 240 டிகிரியில் பல மணி நேரம் காய்ச்ச வேண்டும், நீர் சார்ந்த பெயிண்டுக்கு வெப்பமே அதிகம் வேண்டாம். இரண்டையும் ஒரே டன் கணக்கில் போட்டு, "டன்னுக்கு இவ்வளவு கிகாஜூல்" என்று வகுத்தால், அந்த எண் எதையும் சொல்லாது.

ஒரே பொருள் செய்யும் ஆலையில்கூட எளிய வகுத்தல் ஏமாற்றும். முன்சொன்ன ஆலை 20,000 டன் உற்பத்திக்கு 1,56,000 கிகாஜூல் எரிக்கிறது என்று வைப்போம். டன்னுக்கு 7.8. ஆனால் மாதாந்தரத் தரவை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தால், உற்பத்தியே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 60,000 கிகாஜூல் போகிறது, அதன்மேல் டன்னுக்கு 4.8 என்று வரலாம். அடுத்த ஆண்டு சந்தை சரிந்து 16,000 டன்தான் உற்பத்தி, எரித்தது 1,28,000 கிகாஜூல். எளிய வகுத்தலின்படி 1,24,800 போதும், ஆகவே 3,200 அதிகம் செலவழித்துவிட்டீர்கள், சலுகை இல்லை. சரியான கோட்டின்படி எதிர்பார்ப்பு 1,36,800, ஆகவே சேமிப்பு 8,800 கிகாஜூல். கையில் வருவது ஏறத்தாழ 6.27 லட்சம் ரேண்ட். உற்பத்தி கூடும் ஆண்டில் இதே தவறு எதிர்த்திசையில் நடக்கும். வகுத்தல் முறை சேமிப்பை ஊதிக் காட்டும், சரிபார்ப்பவர் அதைக் கண்டுபிடித்து வெட்டுவார், திட்டமிட்ட பணம் குறையும். எனவே பொருள்வாரியாக, மாதவாரியாக உற்பத்தியைப் பிரித்து எழுதும் பழக்கம் முதலில் வர வேண்டும்.

இரண்டாவது ஓட்டை நிலக்கரி. பல ஆலைகள் லாரியில் வந்த எடையை அந்த மாதம் எரித்ததாக எழுதுகின்றன. மாத இறுதியில் குவியலைக் கண்ணால் பார்த்து, "முந்நூறு டன் இருக்கும்" என்கிறார்கள். மழை பெய்து நனைந்த கரியின் எடையும், விற்றவரின் சான்றிதழில் உள்ள வெப்ப மதிப்பும் பொருந்தாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். உலையில் போடுவதற்கு அது இன்னும் பொருந்தும். பாய்லருக்குக் கரி விழும் தொட்டியில் எடை அளக்கும் லோட் செல் வையுங்கள், மாதம் ஒருமுறை ஈரத்துக்கும் வெப்ப மதிப்புக்கும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது நீராவி மீட்டர். தொகுதி முறையில் ஓடும் ஆலைகளில் நீராவித் தேவை மலையும் மடுவுமாக இருக்கும். குழாயில் எழும் சுழல்களை எண்ணி அளக்கும் வோர்டெக்ஸ் மீட்டர் குறைந்த ஓட்டத்தில் சுழியமே காட்டும். இரவில் உலைகள் வெறுமனே சூடாக நிற்கும் நேரத்து நீராவி முழுவதும் பதிவிலிருந்து மறைந்துபோகிறது. குழாயின் அளவைப் பார்த்து மீட்டர் வாங்காமல், மிகக் குறைந்த ஓட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் குழாயைவிட ஓர் அளவு சிறிய மீட்டர் வேண்டியிருக்கும். மீட்டருக்கு முன் நேரான குழாய் வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாயில் 20 மடங்கு என்றால் 2 மீட்டர். முழங்கை வளைவு முடிந்த கையோடு மாட்டிய மீட்டர் தரும் எண்ணைச் சரிபார்ப்பவர் ஏற்க மாட்டார். இவ்வளவு செலவு முடியாதென்றால் பாய்லர் ஊட்டு நீரில் ஒரு நல்ல சுடுநீர் மீட்டரையாவது வைத்து, பாய்லரிலிருந்து வெளியேற்றும் நீரான ப்ளோடவுனையும் குறித்து வாருங்கள். அதன் விலை குறைவு, அதிலிருந்து நீராவிக் கணக்கை எடுக்க முடியும்.

நான்காவது, தரவில் உள்ள பள்ளங்கள். 2021 ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம், அடுத்தடுத்த மின்வெட்டு, இவற்றால் டர்பன் ஆலைகளின் கணக்கேடுகளில் இயல்பில்லாத மாதங்கள் நிறைய. மின்வெட்டில் பாதியில் ஆறிப்போன உலையை மீண்டும் சூடேற்றிய எரிபொருள் அந்த மாதக் கணக்கில்தான் ஏறியிருக்கும். இப்படிப்பட்ட மாதங்களுக்குத் தரம் திருத்தம் அனுமதிக்கிறது, ஆனால் நிறுத்தப் பதிவேட்டில் தேதியும் நேரமும் காரணமும் அப்போதே எழுதியிருக்க வேண்டும். பின்னால் நினைவிலிருந்து எழுதியது செல்லாது.

அதோடு ஒரு சட்டப் பொறியும் இருக்கிறது. அதே எரிசக்திச் சேமிப்புக்கு வேறு அரசுப் பணம் வாங்கியிருந்தால் 12எல் கிடையாது. சலுகை வட்டிக் கடனையோ மானியத்தையோ தொடும் முன் இதை வரி ஆலோசகரோடு பேசுங்கள். சூரிய மின்சாரமும் 12எல்-இல் சேராது. வீணாகும் வெப்பத்தை மீட்டால் சேரும். சொந்த மின்நிலையம் என்றால், உள்ளே போகும் எரிசக்தியில் 35 சதவீதத்துக்கு மேல் பயனாக வெளிவர வேண்டும். நட்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு அந்த ஆண்டு கையில் எதுவும் வராது, கழிவு நட்டத்தோடு சேர்ந்து பின்னாளுக்குப் போகும். நெருக்கடியில் இருக்கும் ஆலைக்கே உதவி மிகவும் தேவை, அதற்குத்தான் இந்த முறை உதவுவதில்லை. இந்தச் சலுகையில் எங்களுக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

நைட்ரிக் அமிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், டர்பனில் இல்லாவிட்டாலும். சாசோல்பர்க், செகுண்டா பக்கத்து ஆலைகளில் அம்மோனியாவை பிளாட்டினம்-ரோடியம் வலையின் மேல் 850 முதல் 900 டிகிரியில் எரிக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு பிறக்கிறது. கட்டுப்படுத்தாத ஆலையில் ஒரு டன் அமிலத்துக்கு 5 முதல் 9 கிலோ. ஒவ்வொரு கிலோவும் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 270 மடங்கு சூடாக்கும். வலையின் கீழே இரண்டாம் நிலை வினையூக்கி வைத்தால் இதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். சசோல், ஓம்னியா, ஏஇஎல் ஆகிய நிறுவனங்கள் ஐ.நா.வின் சிடிஎம் கார்பன் வரவுத் திட்டத்தில் இதைப் பதிவு செய்தன. இரசாயனத் தொழிலில் ஒரு டன் உமிழ்வைக் குறைக்க ஆகும் செலவு மிகக் குறைந்த வேலைகளில் இது ஒன்று. அரசுப் பணமாக அன்றி, வரவின் விலையாக வந்த பணம் இதைச் செய்தது. உரம் ஐரோப்பாவுக்குப் போனால், 2026 ஜனவரி முதல் அங்கே எல்லைக் கார்பன் வரி முழு அளவில் நடக்கிறது. உரமும் ஹைட்ரஜனும் அந்தப் பட்டியலில் உண்டு, பெயிண்டும் பிசினும் இல்லை.

ஐடிசி 1940-இல் தொடங்கிய அரசு நிதி நிறுவனம். 2011-இல் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியோடு சேர்ந்து 50 கோடி ரேண்டில் எரிசக்தித் திறன் நிதி ஒன்றை நடத்தியது. அந்த மாதிரி நல்ல மாதிரி. வட்டி வணிக வங்கியைவிடக் குறைவு, தவணைக் காலம் நீண்டது. இப்போது போகிறவர்கள் குறிப்பிட்ட நிதியின் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாமல், திட்டத்தின் கணக்கோடு போய், எந்தக் கணக்கிலிருந்து தர முடியும் என்று கேட்பது சரி. சில லட்சம் ரேண்ட் இன்சுலேஷன் வேலைக்காக அங்கே போவது வீண் அலைச்சல், அதை ஆலையின் பராமரிப்புச் செலவிலேயே செய்யுங்கள். திரும்ப வரும் காலம் பல இடங்களில் ஓராண்டுக்குள்தான்.

கூரையில் சோலார் போடுபவர்களுக்கு 12பி என்ற வரிக்கழிவு. 1 மெகாவாட் வரை முழு விலையையும் முதல் ஆண்டே கழித்துக்கொள்ளலாம். 125 சதவீதம் தந்த 12பிஏ 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது, பழைய விளம்பரத் தாளைக் காட்டி விற்பவர்களிடம் கவனம். கரைப்பான் சேமிக்கும் கூரைக்கு மேல் போடும்முன் எஸ்ஏஎன்எஸ் 10108-இன்படி அபாய மண்டலத்தைக் குறித்து வாங்குங்கள். செய்முறையையே மாற்றும் ஆராய்ச்சி, உதாரணமாகக் குறைந்த வெப்பத்தில் காயும் பிசின், 11டி பிரிவில் வரும். செலவில் 150 சதவீதம் கழிவு. முன் அனுமதிக்கு விண்ணப்பித்த தேதிக்கு ஆறு மாதத்துக்கு மேல் முன்னால் செய்த செலவு சேராது என்பதால், விண்ணப்பத்தைத் தாமதிக்காதீர்கள்.

காலக்கணக்கு: டிசம்பர் மூடலில் மீட்டர்களை மாட்டுங்கள், நீராவி நிற்கும் ஒரே காலம் அதுதான். ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை முழு அடிக்கணக்கு ஆண்டு. அந்த ஆண்டிலேயே என்சிபிசி ஆய்வு, 12எல் பதிவு, சரிபார்ப்பவர் நியமனம். ட்ராப், இன்சுலேஷன் போன்ற சிறு பழுதுகளை அடிக்கணக்கு ஆண்டின் நடுவில் சரிசெய்தால் அடிக்கணக்கே தாழ்ந்துவிடும், எனவே பாதுகாப்பைத் தொடாதவற்றை அடுத்த டிசம்பர் மூடலுக்கு ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யுங்கள். இடையில் மார்ச் 31-க்குள் முந்தைய ஆண்டின் உமிழ்வுக் கணக்கைச் சுற்றுச்சூழல் துறையின் சேஜர்ஸ் தளத்தில் ஏற்ற வேண்டும், ஆடி பிறக்கும் ஜூலையில் கார்பன் வரியை டிஏ 180 படிவத்தில் வரி வசூல் துறையான சார்ஸுக்குக் கட்ட வேண்டும். இந்த இரண்டிலும் உள்ள எரிபொருள் எண்ணிக்கையும் 12எல் அறிக்கையில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கட்டும். மூன்று அலுவலகங்களுக்கு மூன்று எண் போனால், முதலில் சந்தேகப்படுவது சலுகை தருபவர்தான்.

நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறினால் உமிழ்வு கிகாஜூலுக்கு 94.6-லிருந்து 56.1 கிலோவாக இறங்கும், கார்பன் வரியும் அதற்கேற்பக் குறையும். ஆனால் அதே அளவு வெப்பம் எரிந்தால் 12எல் கணக்கில் சேமிப்பு சுழியம், பாய்லரின் திறன் கூடிய பங்குக்கு மட்டும் சலுகை உண்டு. அதோடு, செகுண்டாவிலிருந்து லில்லி குழாய் வழியாக டர்பனுக்கு வரும் வாயுவை வெளி வாடிக்கையாளர்களுக்குத் தருவதை நிறுத்தப்போவதாக சசோல் அறிவித்து, தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே வருகிறது. பத்தாண்டு வாயு ஒப்பந்தம் எழுத்தில் கைக்கு வராமல் புதிய வாயு பாய்லருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். மரத்துண்டும் கரும்புச் சக்கையும் எரிக்கக்கூடிய பாய்லருக்கு விலை கேட்டு வைத்திருங்கள், அவற்றின் கரியமில வாயு வரிக் கணக்கில் ஏறாது. சக்கை அரவைப் பருவத்தில்தான் கிடைக்கும், அதுவும் பாதிக்குப் பாதி ஈரத்தோடு. உலர்த்தி வைக்கக் கூரையிட்ட இடம் ஆலையில் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.